அம்மா சொன்னதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

வேலைக்காகப் புனேயில் தனியாக வீடு எடுத்திருக்கும் ஒருவரின் கேள்வி இது: "நானே சமைத்து, நானே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு அம்மா சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பருப்பு வேகும் முன்னே புளியை ஊற்றாதே, தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதே, விளக்கு வைத்த பிறகு பெருக்காதே, கையில் நாலு காசு தனியாகச் சேர்த்து வை. ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்பதைத் தாண்டிப் பதில் வராது. இதில் எது உருப்படியான பாடம், எது வெறும் பழக்கம்? எப்படிப் பிரிப்பது?"

கல்லூரியில் மனையியல் பாடம் எடுத்தவள் நான். மாணவிகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் இந்த மாதிரி விதிகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் வகுப்பில் பாதி வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த விதியை மீறினால் தப்பு எவ்வளவு சீக்கிரம் தெரியவரும்? அடுப்பில் நடக்கும் தப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். பருப்பு வேகவில்லை என்றால் மதியச் சாப்பாட்டிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும், மறுநாள் அம்மா மாற்றிச் செய்வார். அவருடைய அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார். இப்படித் தினம் தினம் திருத்தப்பட்டு வந்த விதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதற்குச் சொல்லப்படும் காரணம் தப்பாக இருந்தாலும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகிற விஷயங்களிலும், மீறிப் பார்க்க யாருமே துணியாத விஷயங்களிலும் அப்படிக் கிடையாது. அங்கே தப்பான விதிகூடத் தலைமுறை தலைமுறையாகத் தப்பித்து வந்துவிடும்.

முதலில் பருப்பு. புளியை முன்னால் ஊற்றாதே என்பது நூற்றுக்கு நூறு சரி. பருப்பின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெந்நீரில் அது கரைந்தால்தான் பருப்பு குழையும். புளிப்பு இருக்கும் தண்ணீரில் அது எளிதில் கரையாது. புளித்தண்ணீரில் பருப்பைப் போட்டு எத்தனை விசில் விட்டாலும் நறுக்கு நறுக்கென்றுதான் இருக்கும். தக்காளியும் இதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்யும். போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாததும் இதோடு சேர்ந்த சங்கதிதான். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் அந்தப் பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சில வீடுகளில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார்கள். பருப்பு சட்டென்று வெந்துவிடும், ஆனால் பி1 வைட்டமினில் ஒரு பகுதி அழிந்துபோகும். அதைவிட, குடிக்கிற தண்ணீரிலேயே பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள்.

இதோடு சேர்த்து இன்னொரு விதியும் சொல்லியிருப்பார்: "பருப்பு வேகறதுக்கு முன்னாடி உப்பு போடாதே." இதற்கு அவ்வளவு வலு இல்லை. முழுப் பயறையோ கொண்டைக்கடலையையோ உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் இன்னும் மிருதுவாகத்தான் ஆகும், ஏனென்றால் உப்பில் உள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தைக் கொஞ்சம் வெளியேற்றிவிடுகிறது. பிறகு ஏன் அப்படிச் சொன்னார்கள்? குழம்புக்குக் கடைசியில் மொத்தமாக ருசி பார்த்து உப்புப் போடுவது சுலபம், முதலிலேயே போட்டுவிட்டால் கணக்கு குழம்பும். அதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். இரண்டு விதியையும் ஒரே மூச்சில், ஒரே கண்டிப்போடு சொல்வதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

தோசைக்கல் விஷயத்தில் உங்கள் அம்மா சொன்னதை அப்படியே கேளுங்கள். வார்ப்பிரும்புக் கல்லில் எண்ணெய் மறுபடி மறுபடி சூடாகி ஒரு மெல்லிய கருப்புப் படலமாக இறுகியிருக்கும். தோசை ஒட்டாமல் வருவதற்கு அந்தப் படலம்தான் காரணம். சப்பாத்தியை எண்ணெய் இல்லாமல், கல்லை நன்றாகக் காயவைத்துச் சுடுகிறோம். அந்த வறண்ட சூட்டில் படலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி உதிர்ந்துவிடும், மேலே தூவின கோதுமை மாவும் கரிந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் முதல் தோசை பிய்ந்துதான் வரும். சப்பாத்திக்குத் தனிக் கல் வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. சோப்பு போட்டு, கம்பி நாரால் தேய்க்காதே என்று சொல்லியிருந்தால் அதற்கும் காரணம் இந்தப் படலம்தான். ஏற்கெனவே கல் கெட்டுப்போயிருந்தால் நல்லெண்ணெய் தடவி, புகை வருகிற மட்டும் காயவைத்து ஆறவிடுங்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்து, பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து ஊத்தப்பம் ஊற்றினால் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஈயச்சொம்பு உங்கள் வீட்டில் இருந்ததா தெரியவில்லை. எங்கள் லால்குடிப் பக்கம் ரசம் என்றால் ஈயச்சொம்புதான். அதற்கு ஒரு விதி உண்டு, அதை மீறினவர்கள் யாரும் இரண்டாவது தடவை மீறமாட்டார்கள்: "சொம்பில் ரசத்தை ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பை ஏற்று." சொம்பு செய்திருக்கும் வெள்ளீயம் (டின்) 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே ரசம் இருக்கும் வரை சொம்பின் சூடு 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும், வெறும் சொம்பாக வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் ஓட்டை. தீயைச் சின்னதாக வை என்பதும் இதனால்தான், தீ நாக்கு ரச மட்டத்துக்கு மேலே போய்ச் சொம்பின் கழுத்தைத் தொட்டாலும் உருகும். புதிதாக வாங்குவதாக இருந்தால் அது சுத்தமான வெள்ளீயமா என்பதை நம்பிக்கையான பாத்திரக் கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் (லெட்) கலந்திருந்தால் ரசத்தின் புளிப்பில் அது கரைந்து இறங்கும், அது விஷம். இந்த எச்சரிக்கையைப் பழைய அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். காரீயத்தின் கெடுதல் அன்றைக்கு ராத்திரியே தெரிகிற கெடுதல் இல்லையே.

பித்தளைப் பாத்திரத்தில் புளி வைக்காதே என்று மட்டும் தவறாமல் சொன்னார்கள், ஏனென்றால் பச்சைக் களிம்பு கண்ணுக்குத் தெரிந்தது, வாயிலும் கசந்தது. அதனால்தான் தெருவில் "ஈயம் பூசலையோ" என்று குரல் கேட்டதும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கரி அடுப்பில் பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டு, பஞ்சாலோ துணியாலோ ஒரே சுழற்று. உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். இப்போது ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தை ஆசைக்காக எடுத்துவந்து ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்காதீர்கள்.

ரசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நுரை கட்டினதும் இறக்கு, கொதிக்க விடாதே." மிளகு, சீரகம், பெருங்காயம் இவற்றின் வாசனை ஆவியாகப் பறந்துபோகிற எண்ணெய்களில் இருக்கிறது. தளதளவென்று கொதித்தால் அடுக்களை மணக்கும், ரசம் மணக்காது. அவ்வளவுதான்.

இட்லி மாவில் அம்மாக்களின் கையைப் பற்றி ஒரு பெரிய புராணமே இருக்கிறது. கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும், கரண்டியால் கலந்தால் பொங்காது என்பார்கள். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்களில் முக்கியமானது லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ். அது உளுந்தோடேயே வருகிறது, கையிலிருந்து வரவேண்டிய அவசியமில்லை. கரண்டியால் கலந்தாலும் பொங்கும். கையால் கரைப்பதில் வேறொரு நன்மை இருக்கிறது: அடியில் தங்கும் அரிசி மாவும் மேலே நிற்கும் உளுந்து மாவும் சீராகக் கலந்ததா என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். உளுந்தை அளவுக்கு மீறித் தேய்த்துத் தேய்த்துக் கழுவாதே என்பது நல்ல விதி. வெயில் காலத்தில் உப்பைப் போட்டுக் கரை, குளிர்காலத்தில் காலையில் போடு என்பதும் நல்ல விதி, உப்பு புளிப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். புனேயில் டிசம்பர் ராத்திரி உங்களுக்குச் சோதனைதான். மாவுக்குப் பிடித்த சூடு 30 டிகிரி அளவில். விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் மூடிவைக்கலாம், அல்லது வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் போர்வையால் மூடலாம். நேரத்தையும் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு, பதினான்கு மணிவரை நீட்டிக்கொள்ளுங்கள். அங்கே அம்மா சொன்ன நேரக் கணக்கு செல்லாது, அது ஊர் வெயிலுக்குப் போட்ட கணக்கு.

பொருள் கெடாமல் காப்பது பற்றி அவர் சொன்னதில் தள்ளுவதற்கு அநேகமாக எதுவுமே இருக்காது. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே: உப்பும் எண்ணெயும் சேர்ந்து பூஞ்சைக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்து வைத்திருக்கின்றன, ஈரக் கரண்டி அந்த ஏற்பாட்டை ஒரு ஓரத்தில் உடைத்துவிடும். காய் எண்ணெய்க்கு மேலே தலை நீட்டக்கூடாது என்பதும் அதே கணக்கு. பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைத்தால் வண்டு முட்டையிடுவதும் அந்த முட்டை பொரிப்பதும் குறையும். கிராமத்தில் துவரையைச் செம்மண்ணில் புரட்டிக் காயவைத்து எடுத்துவைப்பதும் வண்டுக்கு எதிரான வேலைதான். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வை என்பது இந்த வரிசையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. வெந்த சோறு வெதுவெதுப்பாக அப்படியே கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரலாம். அது விடும் நஞ்சுகளில் ஒன்று மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. தண்ணீர் ஊற்றினால் சோறு சீக்கிரம் ஆறும், பிறகு புளிப்பு ஏற ஏற அந்தக் கிருமிக்கு இடம் குறையும். குளிர்பெட்டி இல்லாத வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. உங்களிடம் குளிர்பெட்டி இருக்கிறது, ஆகையால் சோற்றை ஆறவைத்துச் சீக்கிரம் உள்ளே வையுங்கள். முதல் நாள் மதியத்திலிருந்து மேடையில் கிடந்த சோற்றை ராத்திரி எலுமிச்சை சாதமாக்கிச் சமாளிக்காதீர்கள்.

என் கேள்விக்கு அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். புழுங்கலரிசி. அதன் பலன் உடனே தெரிகிற பலன் இல்லை, ஆனாலும் விதி சரியாகவே அமைந்துவிட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. நன்றாகத் தீட்டின பச்சரிசியை மட்டுமே நம்பியிருந்த மக்களிடம் பெரிபெரி நோய் வந்தது. அதை ஆராய 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நெல் அவித்த நம் பாட்டிகள் வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சியும் சீக்கிரம் அண்டாது. வைட்டமின் அதிர்ஷ்டத்தில் கூட வந்தது. வடித்த கஞ்சியைக் கொட்டாதே என்றதும் இப்படித்தான். தண்ணீரில் கரைகிற சத்து அதில் இருக்கிறது என்று தெரிந்து சொன்னதில்லை, கஞ்சி மாட்டுக்கும் வேண்டும், வேட்டிக்குப் போடவும் வேண்டும்.

இங்கிருந்து மறுபக்கம் போவோம்.

விளக்கு வைத்த பிறகு பெருக்காதே என்பதற்கு இப்போது வாட்ஸப்பில் விதவிதமான 'அறிவியல் காரணங்கள்' சுற்றுகின்றன. எனக்கு அதில் பொறுமை இல்லை. அரிக்கேன் வெளிச்சத்தில் பெருக்கினால் தோட்டின் திருகாணி குப்பையோடு போய்விடும் என்ற வழக்கமான விளக்கம் நியாயமானதுதான். எல்.இ.டி விளக்கு இருக்கிற வீட்டில் அந்த நியாயம் முடிந்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வேலையிலிருந்து வருகிறீர்கள் என்றால் எட்டு மணிக்குப் பெருக்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் உங்கள் இஷ்டம், யாருக்கும் நஷ்டமில்லை.

மாதவிலக்கு நாட்களில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற விதி வேறு வகை. இது பொய், அதோடு அவமானமும் சேர்ந்த பொய். ஊறுகாய் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் மாதம் முழுக்கத்தான் வேலைக்கு வருகிறார்கள், பாட்டில் எதுவும் கெடவில்லை. அப்புறம் எப்படி இது இத்தனை காலம் நின்றது? யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அதனால்தான். எப்போதாவது ஒரு ஜாடி வேறு காரணத்தால் பூசணம் பிடித்தால் வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு பெண்ணின் மேல் பழி போட வசதியாகவும் இருந்தது. உங்களுக்குத் தங்கையோ நாளைக்கு ஒரு மகளோ இருந்தால் இந்தப் பாடம் உங்கள் வீட்டோடு நிற்கட்டும்.

குழந்தை வளர்ப்பில்தான் நான் அம்மாக்களோடு அதிகமாகச் சண்டை போட்டிருக்கிறேன். பிரசவமானதும் முதலில் வரும் மஞ்சள் நிறப் பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது பல வீடுகளில் சகஜமாக இருந்தது. அந்தச் சீம்பாலில்தான் குழந்தைக்கு வேண்டிய நோய் எதிர்ப்புப் புரதங்கள் குவிந்திருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவக்கூடாது, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம், சின்னக் குடலில் அவை முளைத்துக் குழந்தையை முடக்கிப்போடும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும் நிறுத்துங்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. இவை எப்படித் தப்பித்தன என்று யோசித்துப் பாருங்கள். நூறு குழந்தைகளுக்கு எண்ணெய் விட்டால் பெரும்பாலானவை ஒன்றும் ஆகாமல் வளர்ந்துவிடும். ஏதோ ஒன்றுக்கு வந்த நிமோனியாவைக் குளிர்காற்றின் மேல் போட்டுவிடுவார்கள். "உன்னை அப்படித்தான் வளர்த்தேன், நல்லாத்தானே இருக்கே" என்ற வாதத்தை எதிர்த்துப் பேசவும் முடியாது, வளராமல் போனவர்கள் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.

வயிற்றுப்போக்குக்குத் தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும் என்பது இவற்றிலேயே ஆபத்தானது. தண்ணீர் கொடுத்தால் போவது நிஜமாகவே குறையாது, அதனால் அம்மாவின் கண்ணுக்கு அந்த விதி சரியாகத் தெரிந்தது. ஆனால் உயிரைக் குடிப்பது உடம்பின் நீர் வற்றுவது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும், வயிற்றுப்போக்கு இருக்கும்போதுகூட அந்த வழி திறந்தேயிருக்கும். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தில் பாங்காவ் என்ற ஊரில் டாக்டர் திலிப் மகாலனாபிஸ் சர்க்கரையும் உப்பும் கலந்த இந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீர், தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்மதிப்பில் போடாதீர்கள், கூடினால் கெடுதல். மருந்துக்கடைப் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். குழந்தையாக இருந்தால் துத்தநாக மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள், மருத்துவரைப் பாருங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி கொடுக்கச் சொன்ன அம்மாக்கள் இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட முன்னால் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுட்டுக்கொண்டால் தோசைமாவு, பேனா மை, பற்பசை எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். முதல் நிமிடத்தில் எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள்.

வாய்விட்டுச் சொல்லாமல் கற்றுத்தந்த பாடம் ஒன்று இருக்கிறது, உங்கள் பட்டியலில் அது இல்லாததில் எனக்கு ஆச்சரியமில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா சாப்பிடுவார். குழம்பில் அடியில் மிஞ்சினது, காயில் வழித்தது, மீனில் வால் துண்டு. மகள்கள் அதைப் பார்த்துத் தாங்களும் அப்படியே செய்யக் கற்றார்கள், மகன்கள் அது இயற்கை என்று கற்றார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல, கடைசிப் பந்தி அதில் ஒன்று. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவையும் கூடவே உட்கார வையுங்கள். "நீ சாப்பிடுப்பா, எனக்குப் பசிக்கலை" என்றால் நம்பாதீர்கள். சாப்பிட்ட கையோடு அவர் டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. புளிக்குழம்பை இரும்புச்சட்டியில் வைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். நிறம் கறுக்கும், கறுக்கட்டும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். சிறுவாடு என்று நம் ஊரில் பெண்கள் சேர்த்த பணம் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருந்தது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பத்தும் இருபதும்தான். பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாளிலும், மருத்துவச் செலவுக்கு நடுராத்திரியிலும் அதுதான் கைகொடுத்தது. அதில் இருக்கும் பாடம் இன்றைக்கும் அப்படியே செல்லும்: சம்பளம் வந்த அன்றைக்கே ஒரு பங்கை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வை, மாசக் கடைசியில் மிஞ்சினதைச் சேர்ப்போம் என்று நினைத்தால் எதுவும் மிஞ்சாது. வைக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். 2016 நவம்பர் 8-ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், பல வீடுகளில் சிறுவாடு முதல் தடவையாகக் கணவர் முன்னால் வெளியே வந்தது. கூடவே வந்த கேலியைப் பலர் இன்னும் மறக்கவில்லை. அஞ்சலகத் தொடர் வைப்போ வங்கிக் கணக்கோ, தன் பெயரில் இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 15-லிருந்து தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கிலேயே நேராக விழ ஆரம்பித்தது. தனக்கென்று ஒரு கணக்கு என்ற பழக்கம் அதனால் பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. உங்கள் அம்மா தன் கணக்கின் ஏ.டி.எம் அட்டையைத் தானே பயன்படுத்துகிறாரா என்று ஒரு தடவை பாருங்கள்.

சீட்டு விஷயத்தில் அவர் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏலச்சீட்டில் இருபது பேர் மாதம் 5,000 போட்டால் ஒரு லட்சம் சேரும். அவசரக்காரர் 20,000 தள்ளி எடுத்தால் அவருக்கு 80,000, சீட்டு நடத்துபவரின் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் கழிவாகப் பிரியும். அம்மா காலத்தில் நடத்துபவர் எதிர்வீட்டு அக்காவாக இருந்தார், எடுத்தவர் பின்தெருவில் இருந்தார். ஏமாற்றினால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்தப் பயம்தான் ஜாமீன். முகம் தெரியாத நிறுவனத்திலோ, போனில் மட்டும் தெரிந்த குழுவிலோ அந்த ஜாமீன் கிடையாது. 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள், நடத்துபவர் எடுக்கும் கமிஷனுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. "தெரிஞ்சவங்கதான்" என்பதைப் பதிவு எண்ணுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதே, வந்தவரிடம் விஷயம் கேட்கும் முன் தண்ணீர் கொடு, "போறேன்" என்று சொல்லாமல் "போயிட்டு வரேன்" என்று சொல் என்பதையெல்லாம் நான் சோதிக்கப் போவதில்லை. புனேயில் பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் கொடுத்த டப்பாவில் நாலு முறுக்கு வைத்துத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த மாதம் உங்கள் கேஸ் சிலிண்டரை அவர் வாங்கி வைத்திருப்பார்.

கடைசியாக, "அது அப்படித்தான்" என்ற பதிலைத் தாண்டுவது எப்படி என்று கேட்டீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள். ஏன் என்பது அவர்களுக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. "செய்யலைன்னா என்னம்மா ஆகும்?" என்று கேளுங்கள். அதற்கு அவர்களிடம் துல்லியமான பதில் இருக்கும்: "மாவு பொங்கி வழியும், மேலே புளிப்பா அடியிலே கல்லா நிக்கும்." அப்படிக் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அந்த விதியை நம்புங்கள். "வீட்டுக்கு ஆகாது", "நல்லதில்லை" என்று மட்டும் வந்தால் யாரும் பார்த்ததில்லை என்று அர்த்தம், அதை நீங்களே யோசித்து முடிவு செய்யலாம்.

அளவையும் போனில் கேட்டால் வராது. "ஒரு கை" என்பார், அவர் கை உங்கள் கை இல்லை. பக்கத்தில் நின்று, அவர் பாத்திரத்தில் போடும் முன்னால் அந்தக் கைப்பிடியைத் தராசில் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழாக்கு, உழக்கு என்று சொன்னால் அந்த வீட்டு ஆழாக்கில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்ற வாய்ப்பாடு பொதுவானாலும் படி ஊருக்கு ஊர் வேறு.

தினமும் செய்கிற சமையலை எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை செய்கிறவற்றை முதலில் பிடியுங்கள்: வடாம், மாவடு, வருஷத்துப் புளி. மாவடு மாசிக் கடைசியில் சந்தைக்கு வர ஆரம்பித்துவிடும், பங்குனி தாண்டினால் கொட்டை முற்றிவிடும். அந்த ஒரு மாதத்துக்குள் ஊருக்குப் போகிற மாதிரி ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள்.